தாழ்வான பாலத்துக்கு அடியில் உங்கள் மோட்டார் படகு போகுமா? குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

சொந்தமாக ஒரு ஃபைபர் படகு வாங்கி, வெயிலுக்கு மேலே கூரை போட்டு, அவுட்போர்டு இன்ஜினும் மாட்டிவிட்டீர்கள். தேங்காய்பட்டணம் பொழிமுகத்திலோ (ஆறு கடலில் சேரும் இடம்) மணக்குடிக் காயலிலோ குடும்பத்தோடு ஒரு சுற்று போய்வர ஆசை. நடுவில் ஒரு பாலம். அடியில் போகுமா, போகாதா? இந்தச் சின்னக் கேள்விக்கு எந்த அலுவலகத்திலும் நேரான பதில் கிடைக்காது. பாலம் கட்டியவர்களிடம் ஒரு எண் இருக்கும், அது வெள்ளக் கணக்கு. படகு கட்டியவர்களிடம் ஒரு எண் இருக்கும், அது வேறொரு உயரம். கடல் ஏற்றத்துக்கு ஒரு அட்டவணை இருக்கும், அதன் பூஜ்யம் இன்னொரு இடத்தில் இருக்கும். இவற்றைச் சேர்த்துப் பார்க்கக் கற்றுக்கொள்ள நான் நிறைய அலைந்தேன். அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே மனதில் வையுங்கள். போகும்போது இருக்கும் இடைவெளியை விட, திரும்பி வரும்போது இருக்கப்போகும் இடைவெளிதான் முக்கியம். தேங்காய்பட்டணத்தில் வயதான வள்ளக்காரர் ஒருவர் என்னிடம் சொன்னது: "வத்தத்துல நுழையது லேசு, ஏத்தத்துல வெளிய வரணும், அதை யோசிச்சிட்டுப் போணும் கேட்டியளா." வற்றம் என்றால் கடல்நீர் இறங்கும் நேரம், ஏற்றம் என்றால் ஏறும் நேரம். கீழே வரும் எல்லாப் படிகளும் இதற்காகத்தான்.

1. முதலில் வழி இருக்கிறதா என்று பாருங்கள்

வரைபடத்தில் நீலக் கோடு இருப்பதால் அது படகு போகும் வழி ஆகிவிடாது. குழித்துறைத் தாமிரபரணியில் தேங்காய்பட்டணம்–இரையுமன்துறைப் பாலத்தைத் தாண்டி மேலே போனால், கடல்நீர் ஏறாமல் இருக்கப் பரக்காணியில் கட்டிய தடுப்பணை நிற்கிறது. இன்னும் மேலே குழித்துறையில் சப்பாத்து, அதாவது தண்ணீரை ஒட்டிய தரைப்பாலம். இவற்றின் அடியில் புகுந்து போக வழியே கிடையாது, அதனால் அங்கே உயரக் கணக்குக்கு வேலை இல்லை.

ஏ.வி.எம். (அனந்த விக்டோரியா மார்த்தாண்டம்) கால்வாயைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2016 தேசிய நீர்வழிகள் சட்டத்தில் அது தேசிய நீர்வழி எண் 13. பட்டியலில் பெயரைப் பார்த்துவிட்டுப் படகைக் கொண்டுபோக வேண்டாம். பல இடங்களில் மண்மூடி, ஆக்கிரமிப்பும் சேர்ந்து கிடக்கிறது. குறுக்கே சிறு பாலங்கள் தண்ணீரைத் தொடுகிற மாதிரி இருக்கின்றன. கரையோரமாக ஒருமுறை நடந்து பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

பொழிமுகம் தாண்டிக் கடலுக்குள் போகும் ஆசை இருந்தால், புதியவர்கள் அதை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். தேங்காய்பட்டணம் துறைமுக முகத்துவாரத்தில் மணல் திட்டாலும் அலையாலும் பழகிய மீனவர்களே உயிரிழந்திருக்கிறார்கள். இந்தக் கட்டுரை காயலுக்கும் ஆற்றுக்கும் மட்டும்தான்.

2. காகிதங்களுக்கு இன்றே எழுதிப் போடுங்கள்

அளக்கும் வேலை ஒரு காலை நேரத்தில் முடிந்துவிடும். காகிதம் வர ஒரு மாதம் ஆகும். அதனால்தான் இதை இரண்டாவது படியாக வைக்கிறேன்.

பாலத்தின் வரைபடம் யாரிடம் இருக்கும்? மாநில நெடுஞ்சாலை, மாவட்டச் சாலை என்றால் நாகர்கோவிலில் உள்ள நெடுஞ்சாலைத் துறைக் கோட்டப் பொறியாளர் அலுவலகம். கால்வாய்க் கரைப் பாலங்களும் மதகுகளும் நீர்வளத் துறை. ஊராட்சிச் சாலை என்றால் ஊராட்சி ஒன்றிய அலுவலகம். ரயில் பாலம் என்றால் தெற்கு ரயில்வேயின் திருவனந்தபுரம் கோட்டம். நம் மாவட்டத்து ரயில் பாதை அவர்கள் பொறுப்பில்தான் இருக்கிறது.

நேரில் போய்க் கேட்டால் "அடுத்த அறை", "நாளைக்கு வாங்க" என்று ஒரு வாரம் ஓடிவிடும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போடுவதுதான் சுருக்கமான வழி. பத்து ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, அந்த அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்புங்கள். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். நகலுக்குச் சாதாரணத் தாள் பக்கத்துக்கு 2 ரூபாய். பெரிய வரைபடம் என்றால் உண்மையில் ஆகும் செலவைக் கேட்பார்கள். தவறான அலுவலகத்துக்குப் போட்டிருந்தாலும் பரவாயில்லை, 5 நாளுக்குள் உரிய அலுவலகத்துக்கு மாற்றி அனுப்புவது அவர்கள் கடமை. பதிலே வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்யலாம்.

"பாலத்தின் உயரம் என்ன?" என்று கேட்டால் வீணான பதில்தான் வரும். இப்படிக் கேளுங்கள்: பாலத்தின் பொது அமைப்பு வரைபட நகல், உத்தரத்தின் அடிமட்டம் எவ்வளவு, உச்ச வெள்ள மட்டம் எவ்வளவு, இந்த மட்டங்கள் எந்த அடிப்படையிலிருந்து அளக்கப்பட்டவை, சராசரிக் கடல் மட்டமா அல்லது வேலைத் தளத்தில் வைத்த தனிக் குறியா, பாலத்தின் அடியில் பின்னர் தொங்கவிடப்பட்ட குழாய், கேபிள் விவரம். கடைசிக் கேள்வியைப் பெரும்பாலோர் விட்டுவிடுவார்கள். அதுதான் தலையில் இடிக்கிற பொருள்.

பதில் வந்ததும் ஒரு பொறி காத்திருக்கும். வரைபடத்தில் "செங்குத்து இடைவெளி 1.2 மீட்டர்" என்று இருக்கும். அதைப் பார்த்துப் படகு போகவே போகாது என்று பயந்துவிடாதீர்கள். அது உச்ச வெள்ளத்துக்கு மேலே விட்ட இடம். வெள்ளத்தில் வரும் மரமும் செத்தையும் உத்தரத்தில் மோதாமல் இருக்க, இந்தியச் சாலைக் காங்கிரஸ் விதிப்படி வினாடிக்கு 300 முதல் 3000 கன மீட்டர் வரை வெள்ளம் போகும் ஆற்றுக்கு 1.2 மீட்டரும், 30 முதல் 300 வரை போகும் ஆற்றுக்கு 0.9 மீட்டரும் விடுவார்கள். படகை நினைத்து வைத்த எண் அல்ல அது. சாதாரண நாளில் தண்ணீர் அந்த வெள்ள மட்டத்துக்கு வெகு கீழே இருக்கும்.

படகின் காகிதங்களையும் எடுத்து வையுங்கள். மீன்பிடிப் படகு என்றால் மீன்வளத் துறைப் பதிவு. ஆற்றிலும் காயலிலும் மட்டும் ஓடும் மோட்டார் படகுக்கு 2021ஆம் ஆண்டின் உள்நாட்டுக் கப்பல்கள் சட்டப்படி ஆய்வுச் சான்றும் பதிவும் காப்பீடும். அந்தச் சான்றில் நீளம், அகலம், 'டெப்த்' என்று மூன்று அளவு இருக்கும். டெப்த் என்பதை உயரம் என்று எடுத்துக்கொண்டு கணக்குப் போடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். அது படகு உடலின் ஆழம் மட்டும், அடியிலிருந்து விளிம்பு வரை. நீங்கள் பிறகு போட்ட கூரையும் கம்பமும் அதில் சேராது. கூரையை ஆய்வுக்குப் பிறகு போட்டிருந்தால் பதிவு அலுவலகத்துக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவித்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கி வையுங்கள்.

3. படகின் உச்சியை அளப்பது

தேவையானவை: 5 மீட்டர் இரும்பு டேப், 30 மீட்டர் துணி டேப், கொத்தனார் வைத்திருக்கும் தூக்குக்குண்டும் ரசமட்டமும், நேரான அலுமினியக் குழாய் ஒன்று. எல்லாம் சேர்த்து ஆயிரம் ரூபாய்க்குள் முடியும். கொத்தனாரிடம் இரவல் வாங்கினால் அதுவும் வேண்டாம்.

படகு தண்ணீரில் இருக்க வேண்டும். கரையில் ஏற்றி வைத்து அளந்தால் எவ்வளவு மூழ்கும் என்று ஊகிக்க வேண்டியிருக்கும். காற்று எழாத விடியற்காலையில், படகு எவ்வளவு லேசாக இருக்க முடியுமோ அவ்வளவு லேசாக வைத்து அளக்கவும்: ஓட்டுபவர் மட்டும், கேனில் எண்ணெய் குறைவாக. லேசான படகுதான் உயரமாக மிதக்கும். அலுமினியக் குழாயை உச்சிப் புள்ளியின் மேல் வைத்துப் பக்கவாட்டில் நீட்டி, ரசமட்டத்தால் சமம் பார்த்து, நீட்டிய முனையிலிருந்து டேப்பைத் தண்ணீர் வரை தொங்கவிடுங்கள். கூரையின் அணியப் (முன்) பக்கம், அமரப் (பின்) பக்கம், அப்புறம் கம்பத்தின் நுனி என்று மூன்று இடத்தில் எடுக்க வேண்டும்.

கூரைதான் உச்சி என்று நினைக்காதீர்கள். வெளிச்சக் கம்பம், விஎச்எஃப் ரேடியோ ஆன்டெனா, படகு இருக்கும் இடத்தைக் காட்டும் டிரான்ஸ்பாண்டர், கொடிக்கம்பு, கூரை மேல் கட்டி வைத்த தூண்டில் கம்பு, எல்லாம் கணக்கில் சேரும். மடக்கக்கூடியவற்றை மடக்கி ஒரு அளவு, நிறுத்தி ஒரு அளவு. இரண்டையும் ஒரு சிறு தகட்டில் எழுதி ஓட்டும் இடத்துக்கு எதிரே ஒட்டிவிடுங்கள். அவசரத்தில் நினைவு கைவிடும்.

ஆள் ஏற்றினால் படகு தாழும், அப்போது அடியில் புகுந்துவிடலாம் என்ற எண்ணம் பலருக்கு உண்டு. கணக்குப் பாருங்கள். 7 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலமுள்ள படகு தண்ணீரைத் தொடும் பரப்பு சுமார் 10 சதுர மீட்டர். அந்தப் படகு ஒரு சென்டிமீட்டர் தாழ ஏறக்குறைய 100 கிலோ வேண்டும். ஆறு பேர் ஏறினால் 4 செ.மீ. கிடைக்கும். நான்கு சென்டிமீட்டரை நம்பிப் போகிற இடம் போகக்கூடாத இடம்.

4. பாலத்தை அளப்பது

இதைக் கையால் செய்தே ஆக வேண்டும். வரைபடம் வந்திருந்தாலும் செய்யுங்கள்.

காலை ஆறு, ஆறரை மணிக்குள் போனால் வாகனம் குறைவு. பாலத்தின் மேல் நின்று கயிறு விட்டால் யாராவது வந்து கேட்பார்கள், கேட்பது நியாயம்தான். குளச்சலிலும் கன்னியாகுமரியிலும் கடலோரப் பாதுகாப்புக் குழுமக் காவல் நிலையங்கள் இருக்கின்றன. அருகில் உள்ளதில் முந்தின நாள் சொல்லிவிட்டுப் போங்கள். ரயில் பாலத்தின் மேல் ஏறவே கூடாது. அது ரயில்வே சட்டம் 147ஆம் பிரிவின்படி அத்துமீறல், உயிருக்கும் ஆபத்து. ரயில் பாலங்களைக் கீழே தண்ணீரிலிருந்து மட்டுமே அளக்கலாம்.

சாலைப் பாலத்தில் நீங்கள் நுழையப்போகும் கண்ணுக்கு (இரண்டு தூண்களுக்கு நடுவே உள்ள திறப்பு) நேர் மேலே நின்று, கைப்பிடிச் சுவரின் மேல் விளிம்பிலிருந்து தூக்குக்குண்டு கட்டிய துணி டேப்பை இறக்குங்கள். நைலான் கயிறு வேண்டாம், எடைக்கு நீளும். குண்டு தண்ணீரைத் தொடும் அளவையும் அந்த நேரத்தையும் நிமிடத்தோடு எழுதிக்கொள்ளுங்கள். நேரம் எழுதாத அளவு பின்னால் எதற்கும் உதவாது.

அடுத்து, அதே விளிம்பிலிருந்து உத்தரத்தின் அடிவரை எவ்வளவு என்று வேண்டும். மேலே நின்று பார்த்தால் தளத்தின் ஓரம் மட்டும் தெரியும். அதற்கு உள்ளே இன்னும் கீழிறங்கும் உத்தரம் தெரியாது. ஒரு சிறு வள்ளத்தை அரை நாளுக்குக் கூலி பேசி, அடியில் போய் நிமிர்ந்து பாருங்கள். கூலியை ஏறுவதற்கு முன்னால் பேசி முடிக்கவும், அளக்கும் வேலை என்றும் சொல்லிவிடவும், ஏனென்றால் ஒரே இடத்தில் வள்ளத்தை நிறுத்திப் பிடிப்பது ஓட்டுவதைவிடக் கஷ்டம்.

அடியில் பார்க்க வேண்டியவை பல. உத்தரங்களைச் சேர்க்கும் குறுக்குச் சட்டங்கள் சில பாலங்களில் இன்னும் தாழ்வாக இருக்கும். குடிநீர்க் குழாய் பெரும்பாலும் ஒரு பக்கமாகத் தொங்கும், அதனால் நுழையும் பக்கம் தாராளமாகத் தெரிந்தாலும் வெளியேறும் பக்கம் குழாய் நிற்கலாம். இரண்டு பக்கத்தையும் அளக்கவும். தொலைபேசிக் கேபிள் தளர்ந்து வளைந்து கிடக்கும். காங்கிரீட் பெயர்ந்து துருப்பிடித்த கம்பி நீட்டிக்கொண்டிருக்கும். அது கூரையைக் கிழிக்கும், தலையையும் கிழிக்கும். பாலத்தை ஒட்டி ஆற்றின் குறுக்கே மின்கம்பி போகிறதா என்பதும் முக்கியம். நிமிர்த்திய ஆன்டெனாவோடு மின்கம்பிக்கு அருகில் போகவே வேண்டாம், மடக்கிவிடுங்கள்.

எல்லாக் கண்களும் ஒரே உயரம் இல்லை. பாலம் நடுவில் லேசாக உயர்ந்து இரு பக்கமும் சரியும். ஆனால் உயரமான நடுக்கண்ணின் அடியில் ஆழம் இருக்கும் என்று நினைத்துவிட வேண்டாம். பழைய பாலத்தை இடித்துவிட்டுப் புதியது கட்டிய இடங்களில் பழைய தூணின் அடிக்கட்டை தண்ணீருக்குள் நிற்கலாம். தூணைச் சுற்றிக் கொட்டிய கற்களும் இருக்கும். கம்பால் குத்திப் பாருங்கள்.

இனி இந்தப் படியின் முக்கியமான வேலை. ஒவ்வொரு முறையும் பாலத்தின் மேல் ஏறி அளக்க முடியாது. தூணில் மாறாத ஒரு கோட்டைத் தேர்ந்தெடுங்கள்: பைல் கேப்பின் (தூண் நிற்கும் காங்கிரீட் மேடை) மேல்விளிம்பு, தூணின் காங்கிரீட் இணைப்புக் கோடு, அல்லது தெளிவாகத் தெரியும் ஒரு பள்ளம். பாலத்தில் பெயின்ட் அடிக்க வேண்டாம், அரசுச் சொத்து. அந்தக் கோட்டிலிருந்து பாலத்தின் மிகத் தாழ்வான பொருள் வரை ஒருமுறை அளந்து வைத்தால் அது என்றைக்கும் மாறாத எண். பிறகு படகில் இருந்தபடியே, கோட்டிலிருந்து தண்ணீர் எவ்வளவு கீழே அல்லது மேலே இருக்கிறது என்று பார்த்துக் கூட்டினாலோ கழித்தாலோ அன்றைய இடைவெளி கையில் வந்துவிடும். இந்த ஒரு எண்ணுக்காகவே மேலே சொன்ன அரை நாள் செலவு தகும்.

தூணைப் படித்துப் பாருங்கள், தண்ணீரின் கதையை அதுவே சொல்லும். சிப்பியும் மட்டியும் ஒட்டிய பட்டையின் மேல் ஓரம், தண்ணீர் வழக்கமாக எங்கே வரை ஏறும் என்று காட்டும். அதற்கும் மேலே எங்காவது செத்தை சிக்கி உலர்ந்திருந்தால் அது வெள்ளம் தொட்ட இடம்.

5. தண்ணீர் எப்போது எவ்வளவு ஏறும்

நம் கரையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் ஒரு மீட்டருக்குள் அடங்கும். சின்ன வித்தியாசம்தானே என்று விடக்கூடாது. தாழ்வான பாலத்தில் அந்த அரை மீட்டர், முக்கால் மீட்டர்தான் போகலாம் போகக்கூடாது என்பதைத் தீர்மானிக்கிறது. ஒரு நாளில் இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். உச்சியிலிருந்து அடிக்கு ஆறு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதல். ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். வாவு (அமாவாசை, பௌர்ணமி) நாட்களிலும் அதற்கடுத்த ஓரிரு நாளிலும் ஏற்றமும் அதிகம், வற்றமும் அதிகம்.

ஹைதராபாத்தில் உள்ள இன்காயிஸ் (இந்தியத் தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம்) நிறுவனம் ஏற்ற வற்றக் கணிப்பை இலவசமாகத் தருகிறது. அதில் இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். முதலாவது, அட்டவணையின் பூஜ்யம் மிகத் தாழ்ந்த வற்றத்தை ஒட்டியது; நெடுஞ்சாலை வரைபடத்தின் பூஜ்யம் பெரும்பாலும் சராசரிக் கடல் மட்டம். இரண்டுக்கும் ஏறக்குறைய அரை மீட்டர் வித்தியாசம். ஒன்றை மற்றொன்றில் நேராகக் கழித்தால் உண்மையில் இருக்கும் இடைவெளியைக் குறைத்துக் காட்டும். இரண்டாவது, அட்டவணை சொல்வது கடலோரத்து நேரம். பொழிக்குள் நுழைந்து காயலில் ஏறும்போது ஏற்றம் தாமதமாகும், அளவும் குறையும். எவ்வளவு என்பது பொழியின் அகலத்தைப் பொறுத்தது. அதனால் வாவு நாள் ஒன்றில் காலையிலிருந்து மாலை வரை, பாலத்துத் தூணில் நீங்கள் தேர்ந்த கோட்டை மணிக்கொரு தரம் பார்த்து எழுதுங்கள். 13 மணி நேரம் பார்த்தால் ஒரு முழுச் சுற்று கிடைத்துவிடும். வீட்டில் இன்னொருவரோடு முறை வைத்துக்கொண்டால் அலுப்பு இல்லை.

மணக்குடிக்கு இந்தக் கணக்கு எல்லா நாளும் பொருந்தாது. பொழி மண்மூடிக் கிடந்தால் கடல் ஏற்றம் உள்ளே வராது. பழையாற்றுத் தண்ணீர் சேரச் சேர மட்டம் நாள் நாளாக ஏறும். நேற்றுப் போன பாலத்தில் இன்று இடிக்கலாம். பொழி வெட்டப்பட்டாலோ தானே உடைந்தாலோ சில மணி நேரத்தில் மட்டம் இறங்கும், இழுப்பும் பயங்கரமாக இருக்கும். பொழி திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்று புறப்படும் முன் ஊர்க்காரர்களிடம் கேட்டேயாக வேண்டும்.

குழித்துறை ஆற்றுக்கு மேலே இரண்டு அணைகள். பேச்சிப்பாறையின் முழு மட்டம் 48 அடி, பெருஞ்சாணிக்கு 77 அடி. கோதையாறும் பறளியாறும் மூவாற்றுமுகத்தில் சேர்ந்துதான் கீழே வருகின்றன, அதனால் உபரிநீர் திறந்தால் அது தேங்காய்பட்டணத்துப் பாலத்துக்கும் வரும். நமக்குத் தென்மேற்குப் பருவமும் உண்டு, வடகிழக்கும் உண்டு. ஜூன் முதல் டிசம்பர் வரை எந்த வாரமும் இது நடக்கலாம். நாளிதழில் தினமும் அணை மட்டம் வருகிறது. உபரிநீர் திறப்பு அறிவிப்பு வந்தால் தண்ணீர் வடியும் வரை படகைக் கட்டி வையுங்கள்.

கள்ளக்கடல் எச்சரிக்கையையும் பாருங்கள். வானம் தெளிவாக, காற்று இல்லாமல் இருக்கும்போதே தொலைதூரத்து அலை வந்து கரையில் ஏறும். 2024 மே மாதம் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் உயிரிழந்தது அப்படிப்பட்ட ஒரு நாளில்தான். பொழியை ஒட்டிய பாலத்தின் அடியில் அந்த அலை உள்ளே வந்தால் படகு மேலும் கீழும் ஆடும். உங்கள் இடைவெளி ஆட்டத்திலேயே போய்விடும்.

6. கணக்கு

ஒரு உதாரணம் போடுகிறேன். எண்கள் எந்தப் பாலத்தையும் சேர்ந்தவை அல்ல.

கைப்பிடிச் சுவரிலிருந்து தண்ணீர் வரை 5.10 மீட்டர். அதே விளிம்பிலிருந்து உத்தரத்தின் அடி வரை 2.05. ஆக இடைவெளி 3.05. உத்தரத்துக்குக் கீழே குழாய் 40 செ.மீ. தொங்குகிறது: 2.65. அளந்த நேரத்தில் தண்ணீர் வாவு ஏற்ற உச்சியை விட 25 செ.மீ. கீழே இருந்தது: மோசமான நேரத்துக்கு மிச்சம் 2.40.

படகின் உச்சி, கம்பம் மடக்கி, 1.80. கழித்தால் 60 செ.மீ. இருக்கிறது. இங்கேதான் நிறையப் பேர் நிறுத்திவிடுவார்கள். படகு சாயும் என்பதை மறந்துவிடக்கூடாது. 2 மீட்டர் அகலக் கூரை 10 டிகிரி சாய்ந்தால் ஒரு ஓரம் சுமார் 15 செ.மீ. உயரும். ஒருவர் எழுந்து ஓரத்துக்கு வந்தாலே சாய்வு வரும். இன்னொரு படகு கிளப்பும் அலைக்கு 10 செ.மீ. வையுங்கள். மிச்சம் 35.

எல்லாம் கழித்த பிறகு அமைதியான காயலில் 30 செ.மீ., பொழிக்கு அருகிலோ படகுப் போக்குவரத்து உள்ள இடத்திலோ 50 செ.மீ. மிஞ்ச வேண்டும் என்பது என் கட்டளை. இந்தப் படகு உள்காயலில் போகலாம், பொழியருகே போகக்கூடாது. கம்பத்தை மடக்க மறந்தால் உச்சி 2.25, அப்போது எங்கேயும் போகக்கூடாது.

7. கம்பு வைத்து ஒத்திகை

உங்கள் படகைக் கொண்டுபோகும் முன், வாடகை வள்ளத்தில் ஒரு ஒத்திகை பாருங்கள். படகின் உச்சி உயரத்தோடு 30 செ.மீ. சேர்த்து, தண்ணீர் மட்டத்திலிருந்து அந்த உயரம் வருகிற மாதிரி ஒரு பிவிசி குழாயை வள்ளத்தின் அணியத்தில் நிமிர்த்திக் கட்டுங்கள். நுனியில் துணி சுற்றிவிடவும். துடுப்பு போட்டு மெதுவாகப் போய் அடியைக் கடந்து வாருங்கள். எங்காவது தட்டினால் அந்த இடத்தைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அன்றைய தண்ணீர் மட்டத்தையும் தூண் கோட்டில் பார்த்து எழுதாவிட்டால் ஒத்திகை பாதிதான்.

8. எந்த நேரத்தில் கடப்பது

மணல் திட்டு உள்ள இடத்தை ஏறும் தண்ணீரில் கடக்க வேண்டும் என்பார்கள், தட்டினாலும் தண்ணீர் தூக்கிவிடும். தாழ்வான பாலத்துக்கு இது நேர் எதிர். இறங்கும் தண்ணீரில் கடக்க வேண்டும். மேலே தட்டிச் சிக்கினால் இறங்கும் தண்ணீர் படகை விடுவிக்கும். ஏறும் தண்ணீர் படகைப் பாலத்தோடு சேர்த்து அழுத்தும். அரை மீட்டர் ஏறும் நாளில் நடு மணி நேரங்களில் மணிக்கு 12 செ.மீ. வரை ஏறும். பத்து சென்டிமீட்டர் இடைவெளி ஒரு மணி நேரத்துக்குள் தீர்ந்துவிடும்.

அதனால் ஏற்ற உச்சிக்கு மூன்று மணி நேரம் கழித்து உள்ளே போங்கள். அடுத்த ஏற்றம் பாதி ஆக ஏறக்குறைய ஆறு மணி நேரம் இருக்கும். அதில் நான்கு மணி நேரத்தை மட்டும் உங்களுடையதாக எடுத்துக்கொண்டு திரும்பிவிடுங்கள். இன்ஜின் கோளாறு, எண்ணெய், குழந்தைகள், எதற்கும் மீதி இரண்டு மணி நேரம். வழியில் ஆழமும் குறைவு என்றால் இந்த இரண்டு விதியும் மோதும்; அப்படிப்பட்ட வழியில் கூரையைக் கழற்றி வைத்துவிட்டு ஏறும் தண்ணீரில் போவதே நல்லது.

பாலத்துக்கு நூறு மீட்டர் முன்னாலேயே ஆன்டெனாவையும் கம்பத்தையும் மடக்கி, எல்லோரையும் லைஃப் ஜாக்கெட்டோடு உட்கார வைத்து, கையை உள்ளே வைக்கச் சொல்லுங்கள். வேகம் கூட்டினால் அணியம் தூக்கும், கூரையின் முன்பக்கம் உயரும். எனவே திருப்பும் பிடி இருக்கும் அளவுக்கு மட்டும் மெதுவாக. முதல் தடவை நீரோட்டத்துக்கு எதிராக நுழைவது பாதுகாப்பு, சந்தேகம் வந்தால் அதே இடத்தில் நிற்க முடியும். நீரோட்டத்தோடு போகும்போது அது முடியாது. திரும்பும் வழி நீரோட்டத்தோடு என்றால், தண்ணீர் நின்று திரும்பும் வற்ற அடியில் கடக்குமாறு நேரத்தை வையுங்கள்.

9. சிக்கிக்கொண்டால்

கையால் பாலத்தைத் தள்ள வேண்டாம், எவ்வளவு பலசாலியானாலும். படகுக்கும் காங்கிரீட்டுக்கும் நடுவில் விரல் நசுங்கிவிடும். இன்ஜினை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, பிறகு மெல்லப் பின்னால் எடுங்கள். கூரை மட்டும் சிக்கியிருந்தால் கூரையைத் தியாகம் செய்யுங்கள். போல்ட்டைக் கழற்ற ஒரு ஸ்பானரும் கயிற்றை அறுக்க ஒரு கத்தியும் எப்போதும் ஓட்டுபவர் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும். தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தால் காத்திருக்கவே கூடாது, முதலில் ஆட்களை வேறு வள்ளத்துக்கு மாற்றுங்கள். அப்படி மாற்றும்போது படகு சில சென்டிமீட்டர் உயரும், அதையும் எதிர்பார்த்து உச்சியில் யார் கையும் தலையும் இல்லாமல் பார்த்துக்கொள்ளவும்.

உதவிக்கு: கடலோரப் பாதுகாப்புக் குழுமம் 1093, கடலோரக் காவல்படை 1554, பொது அவசரம் 112. பேசும்போது பாலத்தின் பெயர், எத்தனையாவது கண், எத்தனை பேர், தண்ணீர் ஏறுகிறதா இறங்குகிறதா என்ற நான்கையும் முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள். குழாயிலோ கேபிளிலோ மோதியிருந்தால் அதை அடுத்த அழைப்பில் அந்தத் துறைக்குச் சொல்லி, படமும் எடுத்து வைத்துவிட்டுப் படகை நகர்த்துங்கள். காப்பீட்டுக்கு அந்தப் படம் வேண்டியிருக்கும்.